கண்டி டவுனில் நிம்மதியாக ஒரு சைவச் சாப்பாடு

கண்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சைவக் கடை கிடைப்பது கஷ்டமில்லை. டவுனுக்குள் கொஞ்ச நேரம் நடந்தாலே ஒன்று கண்ணில் படும். அங்கே இடிபடாமல் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டு எழும்புவதுதான் கஷ்டம். தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், பெரியாஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே நிற்கிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள், எல்லாருக்கும் இது பொருந்தும். அதிலும் ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையிலிருந்து நிற்கிறவருக்கு ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்க வேண்டும். அவரை நினைத்துத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம். கண்டி டவுன் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய இடத்தில் இருக்கிறது. உள்ளே வரும் பாதைகள் கொஞ்சம், பஸ்கள் ஏராளம். மதியம் 12.15 மணிக்குக் கந்தோர் (அலுவலகம்), வங்கி, கடைச் சிப்பந்திகள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட வருவார்கள். 1.30க்குப் பள்ளிக்கூடங்கள் விட்டதும் பிள்ளைகளும் கூட்டிப்போக வந்த பெற்றோரும் தெருவை நிறைத்துவிடுவார்கள். இந்த இரண்டும் ஓயும்வரை எந்தக் கடையிலும் அமைதி கிடையாது.

ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு நேரம் நல்லது. ஒன்று 11.30 சுமார். சோறு அப்போதுதான் இறக்கியிருப்பார்கள், கறிகள் எல்லாம் முழுதாக இருக்கும், மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கும். உட்காருவதற்கு முன்பே "சாப்பாடு ரெடியா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். இன்னும் இல்லை என்றால் ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு அங்கேயே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மற்றது 2.15க்குப் பிறகு. அப்போது ஒன்றிரண்டு கறி முடிந்திருக்கும், ஆனால் இடம் தாராளமாகக் கிடைக்கும், பரிமாறுகிறவரும் மூச்சு விட்டிருப்பார். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது என்பேன். மூன்று மணியைத் தாண்டவிடாதீர்கள். சோற்றுப் பானை காலியாகிவிடும்.

காலைச் சாப்பாட்டுக்கு 7 முதல் 8.30 வரை நெரிசல். 9.30க்குப் போனால் தோசைக்கல் இன்னும் சூடாக இருக்கும், கடை பாதி காலியாக இருக்கும். இரவில் அமைதியைத் தேடுவது வீண் வேலை. மாலை ஐந்தரைக்குமேல் கொத்துத் தட்ட, அதாவது ரொட்டியைச் சூடான கல்லில் போட்டுக் கறியோடு கொத்திக் கிளற, தொடங்கிவிடுவார்கள். இரண்டு இரும்புத் தகடும் கல்லில் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. மாலையில் வெளியே சாப்பிட்டாக வேண்டும் என்றால் நாலரைக்கே போய் இடியப்பமோ தோசையோ சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நாளையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நம்மவர்கள் பாதிப்பேர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்வதால் சைவக் கடைகள் மற்ற நாளைவிட நிறைந்திருக்கும். செவ்வாயும் ஓரளவு அப்படித்தான். போயா நாள் (பௌர்ணமி) வேறு மாதிரி. பொது விடுமுறை என்பதால் கந்தோர்க் கூட்டம் இருக்காது. ஆனால் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு வெள்ளை உடுத்திக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இறைச்சிக் கடைகள் அன்று மூடியிருக்கும், சிங்களக் குடும்பங்களிலும் பலர் மரக்கறிதான் சாப்பிடுவார்கள். அதனால் போயாவில் பதினொன்றரைக்கு முன்பே போய்விடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹரா என்ற தலதா மாளிகை ஊர்வலம் நடக்கும் நாட்களில் டவுனுக்குள் அமைதியான சாப்பாடு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மத்தியானத்திலிருந்தே நடைபாதையில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள், பாதைகளையும் மூடுவார்கள். அந்த நாட்களில் பேராதனைப் பக்கமோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடையைத் தெரிவு செய்வது

டீ.எஸ். சேனாநாயக்க வீதி, கொட்டுகொடெல்ல வீதி, கொழும்பு வீதி, இந்த மூன்றையும் அவற்றுக்கு நடுவே உள்ள குறுக்குத் தெருக்களையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். பாலாஜி தோசை போன்ற பெயர்பெற்ற கடைகளை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பெயர் பெற்றதால் வெளிநாட்டுக்காரரும் வருவார்கள், கூட்டமும் இருக்கும். பெயர் தெரியாத சின்னக் கடைகளில் சாப்பாடு பல தடவை அதற்குச் சமமாகவே இருக்கும், இடமும் கிடைக்கும்.

வெளியிலிருந்தே ஒரு கடையை எடைபோடலாம். காசாளர் தலைக்குமேல் சாமிப் படம், விபூதித் தட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் உளுந்து வடையும் பூந்தி லட்டும் தெரிந்தால் அது சைவக் கடை. அதே கண்ணாடிப் பெட்டியில் முட்டை ரொட்டியோ மீன் பணிஸோ இருந்தால் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது கலப்புக் கடைதான். கலப்புக் கடையில் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த மரக்கறிச் சோறு சில அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் அங்கே கேட்டுச் சாப்பிட வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெரிய கடைத்தொகுதிகளுக்குள் இருக்கும் உணவு மாடிகளை அமைதிக்காகத் தேடிப் போகாதீர்கள். குளிர்சாதனம் இருக்கும், பாட்டும் இருக்கும்.

எங்கே உட்காருவது

உள்ளே நுழைந்ததும் முதலில் கிடைக்கும் கதிரையில் உட்கார்ந்துவிடாதீர்கள். வாசல் பக்கம் பஸ் ஹோர்ன், காசாளரின் மணி, பார்சல் வாங்க நிற்கிறவர்கள். கொத்துக் கல்லும் பெரும்பாலும் தெருப் பக்கமாகவே வைத்திருப்பார்கள். சரி, கடைசிக்குப் போகலாம் என்றால் அங்கே கைகழுவும் பேசின், சாப்பிட்டு எழும்பியவர்கள் ஈரக்கையோடு உங்கள் தோளை உரசிக்கொண்டு போவார்கள். நடுவில் சுவரோரமாக இருவர் இருக்கும் மேசைதான் சரியான இடம். மேல்மாடி இருந்தால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள். தனியாக வரும் பெண்கள் "மேல இருக்கலாமா?" என்று கேட்டாலே விளங்கிக்கொள்வார்கள், கீழே ஆள் குறைவாக இருந்தாலும் மேல்மாடியைத் திறந்துவிடும் கடைகள் உண்டு.

நெரிசல் நேரத்தில் முன்பின் தெரியாதவர் உங்கள் மேசையில் வந்து உட்காருவார். அது இங்கே வழக்கம், கோபிக்க ஒன்றுமில்லை. நீங்கள் போய் உட்காரும்போதும் "இங்க ஆள் இருக்கா?" என்று ஒரு சொல் கேட்டால் போதும். அதற்குமேல் அவரோடு கதைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொலைக்காட்சி சத்தமாக ஓடினால் குறைக்கச் சொல்லலாம். மரியாதையாகக் கேட்டால் எந்தக் கடையிலும் குறைப்பார்கள்.

உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம் "தம்பி, அவசரமில்ல, மெதுவாக் கொண்டாங்க" என்று சொல்லுங்கள். வயதில் மூத்தவராக இருந்தால் அண்ணே. இந்த ஒரு வரி உங்கள் சாப்பாட்டையே மாற்றிவிடும். அவர் எல்லா மேசைக்கும் ஓடுவது வாடிக்கையாளர் அவசரப்படுத்துவதால்தான். ஒரு மேசையாவது அவசரமில்லை என்று சொன்னால் அந்த மேசைக்குத்தான் ரசத்தைச் சூடாக்கிக் கொண்டுவருவார்.

என்ன சொல்வது

உட்கார்ந்திருக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை வைத்துச் சாப்பாட்டைத் தெரிவு செய்யுங்கள். இட்லி, வடை, இடியப்பம், பிட்டு எல்லாம் தயாராக இருப்பவை, சொன்ன கையோடு வந்துவிடும். மசாலாத் தோசை, நெய்த் தோசை, பூரி ஆளுக்கு ஆள் போடுபவை. கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று தோன்றும் நாளில் மசாலாத் தோசை சொல்லுங்கள். அது வரும்வரை யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள்.

காலையில் போனால் சொல்லாமலே ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. வேண்டாம் என்றால் "வடை வேணாம், எடுத்திருங்க" என்று சொல்லிவிடலாம். ஆனால் தட்டிலிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள், அடுத்த மேசைக்கும் அதே தட்டுத்தான் போகும்.

மதியம் "ஒரு சாப்பாடு" என்றால் போதும். தட்டின்மேல் வாழையிலையோ மெல்லிய தாளோ விரித்துச் சோறு வரும். சம்பாவா சிவப்பரிசியா என்று கேட்கும் கடைகளும் உண்டு. பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், பப்படம், மோர் மிளகாய், சாம்பார், ரசம், மோர். இந்த ஊரில் மரக்கறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் கரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் லொறியேறி இறங்கும் வழியில்தான் கண்டி இருக்கிறது. ஆகவே கொழும்புச் சைவக் கடையில் சாப்பிடும் அதே போஞ்சிப் பால்கறி இங்கே இன்னும் பசுமையாக இருக்கும். லீக்ஸைச் சும்மா வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வதக்கி வைத்திருந்தால் இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள். பலாக்காய்க் காலத்தில் பிஞ்சுப் பலாக்காய்க் கறி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் கறுவாப் பட்டை போட்டு வற்றவைத்த அந்தக் கறிக்காகவே சிலர் டவுனுக்கு வருவார்கள்.

கறிகளை இரண்டாம் தடவை போடுவார்கள், சோறும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் முதல் தடவையே "சோறு கொஞ்சமாப் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். போதும் என்றால் கையைத் தட்டுக்குமேல் விரித்துப் பிடியுங்கள், வாயைத் திறக்கவே வேண்டாம். ரசத்தைச் சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், டம்ளரில் வாங்கிக் குடிக்கவும் செய்யலாம். கண்டி மழையில் நனைந்து வந்த நாளில் டம்ளரில் வாங்குங்கள்.

விரதகாரர் வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டால் சைவக் கடையிலும் தேர்வு குறைவு. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் கேட்டால் எங்கேயும் தருவார்கள். வயிறும் நிறையும்.

தேத்தண்ணி சொல்லும்போது சீனி அளவைச் சேர்த்தே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நன்றாக இனிக்கும். பால் தேத்தண்ணி அநேகமாகப் பால்மாவில்தான் போடுவார்கள். தேயிலை விளையும் ஊரில் பிளேன் டீ குடிப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம், இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

கலப்புக் கடையில் மாசியைக் கேளுங்கள்

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும், முக்கியமாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்.

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைத்தது. மாலைதீவிலிருந்து வந்த பழக்கம். இடித்துத் தூளாக்கிச் சுவைக்காகப் போடுவார்கள். கண்ணுக்கு மீன் என்று தெரியாது. பல சமையற்காரர்கள் அதை மீனாகவே எண்ணுவதில்லை, உப்பு, மிளகாய்த்தூள் மாதிரி ஒரு சரக்கு அவ்வளவுதான். ஆகவே "இது மரக்கறிதானே?" என்று கேட்டால் மனதாரவே ஆமாம் என்பார்கள். "மாசி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும்.

எதிலெல்லாம் இருக்கும்? தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சீனிச் சம்பல், பாற்சோற்றோடு வரும் லுணுமிரிஸ், வல்லாரைச் சம்பல், கீரைச் சுண்டல், சில கடைகளில் பருப்பு, இடியப்பத்துக்கு ஊற்றும் சொதி. கவனியுங்கள், எல்லாமே பார்வைக்குச் சைவம். சீனிச் சம்பல் வைத்த பணிஸும் அப்படித்தான். சைவக் கடையில் இந்தக் கவலை கிடையாது, அங்கே சம்பல் தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் தேசிக்காயும்தான்.

சமையலறையில் சிங்களம் மட்டும் தெரிந்தவர் இருந்தால் "உம்பலகட தாலாத?" என்று கேளுங்கள், மாசி போட்டிருக்கா என்று கேட்டதாகிவிடும். "மஸ் எபா, மாலு எபா, பித்தர எபா, உம்பலகட எபா" என்றால் இறைச்சி, மீன், முட்டை, மாசி நான்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை. போயாவில் சில் (பௌத்த விரதம்) எடுக்கிற ஊர் இது, மச்சம் வேண்டாம் என்பதற்கு இங்கே மதிப்பு உண்டு. அநேகமாகச் சமையற்காரரே வெளியே வந்து எந்தக் கறியை எடுக்கலாம் என்று காட்டுவார்.

அப்புறம் கொத்து. மரக்கறிக் கொத்து என்று சொன்னாலும் பழக்கத்தில் முட்டை உடைத்து ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோழிக் கொத்துத் தட்டிய அதே கல், அதே தகடு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மனதுக்கு ஒவ்வாதவர்கள் சைவக் கடைக் கொத்தையே சாப்பிடுங்கள். ஃப்ரைட் ரைஸுக்கும் இதே பேச்சு. பராட்டாவோடு சும்மா ஊற்றித் தரும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு, பருப்பைத் தனியாகக் கேளுங்கள். ரோல்ஸ், கட்லட் எல்லாம் பெரும்பாலும் முட்டையில் தோய்த்துப் பொரித்தவை. வட்டிலப்பத்திலும் முட்டை உண்டு. இனிப்புக்கு எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (பனை இன மரத்துப் பாகு) கேளுங்கள், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை, இந்த மலைநாட்டில் அதற்கு ஈடான இனிப்பும் இல்லை.

பில்

நெரிசல் நேரத்தில் கடைசிக் கறி வரும்போதே பில் துண்டும் வந்துவிடும். எழும்பச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கைகழுவிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வாசலில் காசாளரிடம் கட்டினால் சரி. பெரிய உணவகங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 சதவீதமாக உள்ள வற் வரியும் சேரலாம், விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். சாதாரணச் சைவக் கடையில் போட்டிருக்கும் விலைதான் விலை. பரிமாறியவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள். காலையிலிருந்து நின்றபடி இருப்பவர் அவர்.

சாப்பிட்டதும் நேரே பஸ் நிலையத்து இரைச்சலுக்குள் போக மனமில்லையென்றால் வாவிக்கரைப் பக்கம் நடவுங்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி. தலதா மாளிகைக்கு எதிர்க்கரையில் மரநிழலில் இருக்கைகள் இருக்கும், அந்தப் பக்கம் ஆட்களும் குறைவு.

கண்டிக்கு அப்பால்

ஹட்டனில் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை, டவுன் முழுக்க நம் ஆட்கள். ஆனால் தோட்டச் சம்பளம் போட்டதை அடுத்து வரும் சனி, ஞாயிறில் கடைத்தெருவே திருவிழாவாக இருக்கும். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், அப்போது இரவிலும் கூட்டம் ஓயாது. நுவரெலியாவுக்கு ஏப்ரலில் போகாதீர்கள், வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நாடே அங்கே வந்துவிடும். மற்ற மாதங்களில் அமைதியாகவே இருக்கும். ஆனால் 1,868 மீட்டர் உயரத்துக் குளிரில் சாம்பார் சீக்கிரம் ஆறிவிடும். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி வைக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள், குடிக்கச் சுடுதண்ணி கேளுங்கள்.

நானுஓயாவுக்கோ பதுளைக்கோ ரயிலில் போகிறவர்கள் கண்டியிலேயே சோற்றுப் பார்சல் கட்டிக்கொள்வது நல்லது. ரயிலில் வரும் பருப்பு வடை சுவையானதுதான், ஆனால் பல நேரம் இறால் வடை பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். பார்சலுக்குச் சொல்லும்போது சாம்பாரையும் ரசத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கெட்டியான கறிகளாக, பருப்பைத் தனிப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். வாழையிலையில் கட்டினால் மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் சோறு நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் காரம் குறைத்துத் தரும்படி முதலே சொல்லுங்கள். நோயாளிக்கு என்று சொன்னால் பல கடைகளில் பருப்பைத் தாளிக்காமல் தனியாக எடுத்துத் தருவார்கள்.